பெரிய முடக்கை நேராக்கிய கதை

போன மாதம் லிந்துலையில் ஒரு கலியாணம். அதை முடித்துக்கொண்டு, அப்படியே பெரியம்மாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். யன்னலோரம் இடம் கிடைத்தது. கலியாணச் சாப்பாடு வயிற்றில் கனத்துக் கிடந்தது. கண்ணை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, கை போய் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் பஸ் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கென்ன பைத்தியமா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். முன்னால் ஒரு கொழுந்து பறிக்கிற அக்கா, பக்கத்தில் மப்ளர் சுற்றிய பெரியவர், பின்னால் ஒரு மரக்கறிக் கடை முதலாளி, எல்லோரும் என்னைப் போலவே சாய்ந்து கம்பியைப் பிடித்திருந்தார்கள். இளவட்டங்கள் மட்டும் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இல்லாத ஒரு வளைவுக்கு அரை பஸ் சாய்ந்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, “பழக்கம் விட மாட்டேங்குதுங்க” என்றார்.

அந்த இடத்தில்தான் எங்கள் பெரிய முடக்கு இருந்தது. ரோட்டு வளைவை எங்கள் பக்கம் முடக்கு என்போம். மற்ற முடக்குகளெல்லாம் வெறும் முடக்குகள். இது பெரிய முடக்கு. ரோடு போட்ட வெள்ளைக்காரனுக்கு அந்த இடத்துக்கு வந்ததும் யார் மேல் என்ன கோபமோ, ரோட்டை வேட்டி மடிப்பது போல மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். பஸ் ஒரே வீச்சில் திரும்பாது. கொஞ்சம் முன்னால் போய், பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். கொண்டக்டர் குதித்து இறங்கி பஸ்ஸின் முதுகில் தட்டிக்கொண்டே, “எண்ட, எண்ட, எண்ட!” என்று சிங்களத்தில் கூப்பிடுவார். அவர் கூப்பிடக் கூப்பிட பஸ்ஸின் பின்பக்கம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இந்து, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று எல்லாச் சாமிகளும் ஒரே நேரத்தில் அழைக்கப்படுவார்கள். இன ஒற்றுமைக்காக அரசாங்கம் எத்தனையோ திட்டம் போட்டது. பெரிய முடக்கு அளவுக்கு ஒன்றும் வேலை செய்ததாகத் தெரியவில்லை.

பஸ் திரும்பி முடிந்ததும் வாந்தி தொடங்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டால் கதை சொல்ல முடியாது. கொண்டக்டர் ஒரு கட்டு சிலிசிலிப் பையை, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பையை, இடுப்பில் செருகி வைத்திருப்பார். தேசிக்காயை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வைத்தியம். அது யாருக்கும் பலித்து நான் பார்த்ததில்லை. கீறிய தேசிக்காயின் மணத்தை எங்கே கண்டாலும், அது ஐந்து நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் சரி, இன்றைக்கும் எனக்கு அடிவயிறு புரளும். முன்னேற்றம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன்: இப்போது அந்த இடத்தில் யாரும் வாந்தி எடுப்பதில்லை.

முடக்கின் உள்மூலையில் ஒரு பீலி இருந்தது. மலைத் தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ பிடித்து வழியவிடுவதுதான் பீலி. வாந்தி எடுத்தவர்கள் வாய் கொப்பளிப்பது, லொறிக்காரர்கள் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பது, எங்கள் லயத்துப் பெண்கள் துணி துவைப்பது, எல்லாம் அங்கேதான். இன்னொரு காரியமும் அங்கே நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், முடக்குக்கு மேலே இருக்கின்றன. பொதக்காடு, அதாவது ஆட்களைப் புதைக்கிற இடம், முடக்குக்கு அந்தப் பக்கம். ஆகவே தோட்டத்தில் யார் செத்தாலும் பெரிய முடக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில், பீலிக்குப் பக்கத்தில், பாடையை இறக்கி வைப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு வாக்கில் வந்த பாடையை அங்கே மறுவாக்கில் திருப்பித் தூக்குவார்கள். போகிறவருக்கு வந்த வழி குழம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் எழுந்து வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவார் என்று கணக்கு.

சின்ன வயதில் இதை நாங்கள் பரிசோதித்தும் பார்த்தோம். என் தம்பி முறையான ஒருவனைப் பலகையில் படுக்கவைத்து, கண்ணைக் கட்டி, வாயாலேயே தப்படித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பீலியடியில் சுற்றோ சுற்றென்று சுற்றினோம். அவன் பலகையிலிருந்து குதித்து, எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டான். அன்றைக்கு வாங்கிய அடியிலிருந்து இந்தத் திருப்புகிற ஏற்பாட்டின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

பெண்களுக்கு அந்த முடக்குதான் எல்லை. அங்கே கடைசியாக ஒரு பாட்டம் அழுவார்கள். பாடையைத் திருப்பியதும் யாராவது ஒரு பெரிய மனிதர், “பொம்பளைங்க இதோட நில்லுங்க” என்பார். நின்றுவிடுவார்கள். தப்புச் சத்தம் மலையைச் சுற்றி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பீலியில் கால் கழுவிக்கொண்டு, ஈரப் பாதத்தோடு மேலே ஏறிப் போவார்கள். ஏனென்று யாரும் கேட்டதில்லை. பெரியம்மா மட்டும் ஒரு தடவை கேட்டார். அவருடைய அம்மா செத்த அன்றைக்கு, பீலியில் காலைக் கழுவிக்கொண்டே, யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்: “கூடையக் கட்டிக்கிட்டு மலை மலையா அவ கூட நடந்தேன். இந்தக் கடைசி அரைக்கட்டைக்கு மட்டும் நான் ஆகாதவளாயிட்டேன்.” எங்கள் பக்கம் மைலைக் கட்டை என்போம். சின்னப் பையனாகப் பெண்களோடு நின்ற என் காதில் அது விழுந்தது.

ரோட்டை நேராக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நான் பிறந்த நாளிலிருந்தே உண்டு. தேர்தல் வந்தால் பெரிய முடக்கு நேராகும். முடிந்ததும் மறுபடி வளைந்துகொள்ளும். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேலையென்று ஒன்றும் இல்லாமல் கரம் போர்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், நிஜமாகவே வந்துவிட்டார்கள். டவுனுக்குப் போகிற பாதையை நேராக்கி, அகலமாக்கி, ஓரத்தில் தண்ணீர் ஓடக் கான் கட்டி, விளக்குப் போடும் திட்டம். எனக்கும் அதில் ஒரு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் சமூகத் தொடர்பு உதவியாளர். ரோட்டைப் பற்றிச் சனம் ஏசினால் நின்று வாங்கிக்கொள்வதுதான் வேலை. ஒரு மஞ்சள் தொப்பியும் தந்திருந்தார்கள், ஏச்சு தலையில் விழாமல் இருப்பதற்காக இருக்கும்.

எங்கள் இஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், குளிருக்கு இரண்டு சுவெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவார். அவரும் தமிழ், எங்கள் சனமும் தமிழ், ஆனாலும் நடுவில் நான் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் கூட்டம் புள்ளக்காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற அறை அது. பெரிய கதிரை கிடையாது. தோட்டத்துப் பெரிய தலைகளெல்லாம் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இஞ்சினியர் சுவரில் வரைபடத்தை ஒட்டி, முடக்கை அப்படியே விட்டுவிட்டுக் குன்றை நடுவில் வெட்டி நேராகப் போவதாகவும், வெட்டுகிற மண்ணைப் போட்டு முடக்கை மூடுவதாகவும் விளக்கினார்.

எங்கள் பெரியப்பா எழுந்தார். அப்பாவுக்கு அண்ணன். அந்தக் காலத்துக் கங்காணி. ஒரு மலை முழுக்க ஆட்களை வேலை வாங்கியவர். பென்சன் எடுத்த பிறகும் வேலை வாங்குவதை மட்டும் விடவில்லை. அவருடைய குரலுக்குப் பயந்து எங்கள் லயத்து நாய்கள்கூட வரிசையில் நடக்கும்.

“ஏங்க ஐயா, முடக்க எடுத்துட்டா என்னைய எங்க வச்சுத் திருப்புவாங்க?” என்றார்.

இஞ்சினியர் என் பக்கம் குனிந்தார். “தம்பி, ஐயா என்ன கேக்கிறார்? பஸ் திருப்பிற இடமோ?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, “அதுக்கு இடம் விடேல்லை ஐயா. பஸ் ஹோல்ட் ஒண்டு வருது. வேணுமெண்டால் அதில வைக்கலாம்” என்றார், உண்மையாகவே உதவுகிற நோக்கத்தோடு.

“பஸ் ஹோல்ட்டுல வச்சுத் திருப்புறதுக்கு நான் என்ன பஸ்ஸா?” என்றார் பெரியப்பா. புள்ளக்காம்பரா சிரித்து அடங்கியதும் குரலை உயர்த்தினார். “எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. எங்கப்பன அந்த முடக்குலதான் திருப்புனோம். எந்தம்பிய அங்கதான் திருப்புனோம். என்னையும் அங்கதான் திருப்பணும். திருப்பாமக் கொண்டு போனீங்கன்னா நான் நேரா வீட்டுக்குத் திரும்பி வந்துருவேன், ஆமா.”

அவர் சொன்ன தம்பி என் அப்பா. நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: “இப்ப மட்டும் தவறணையிலேர்ந்து சொன்ன நேரத்துக்கு வர்றாப்புல!”

சாராயக் கடையைத்தான் எங்கள் பக்கம் தவறணை என்போம். அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. ஆனால் அன்றைக்கே எங்கள் தோட்டத்தில் ஒரு போட்டி தொடங்கிவிட்டது. ரோடு முந்துமா, பெரியப்பா முந்துவாரா? அவருக்கு ஏற்கெனவே இழுப்பு வியாதி. ஒவ்வொரு பனிக்காலத்திலும், “இந்தத் தடவை தேற மாட்டார்” என்று டிஸ்பென்சரிக்காரர் கையை விரிப்பார். திட்டத்தின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடத்தில், என்னைக் கண்டதும் ஆட்கள், “ரோடு எப்படித் தம்பி?” என்று கேட்டுவிட்டு அடுத்த மூச்சில், “பெரியவரு எப்படி?” என்பார்கள். இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: கொஞ்சம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மெசின் சத்தம் கேட்டால் பெரியப்பா படுத்துவிடுவார். சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்பார். மழைக்கு வேலை நின்றது, அவர் தேறினார். கொந்தராத்துக்காரர் பாதியில் காணாமல் போனார், அவர் தவறணைக்குப் போய்வரத் தொடங்கினார். பிறகு நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. ரோலர் நின்ற இடத்திலேயே நின்று அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்தது. அதில் காய்த்த பூசணியைப் பெரியம்மா கறியாக்கிப்போட, பெரியப்பா சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். மா இல்லை, மருந்து இல்லை, காஸ் இல்லை என்று ஊர் முழுக்க வாடிக்கிடந்தபோது, எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் செழிப்பாக இருந்தார்.

டீசல் மறுபடி வந்தது. நான் ஒன்றைக் கவனித்தேன். இஞ்சினியர் டவுன் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கினார், லிந்துலைப் பக்கத்திலிருந்தும் தொடங்கினார். குன்றையும் வெட்டி முடித்தார். முடக்கை மட்டும் தொடவில்லை. மேலிடத்திலிருந்து கேட்டால் மண் ஈரம் என்பார், காற்று என்பார், கல் என்பார். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “பெரியப்பாவுக்காகவா முடக்க அப்படியே வச்சிருக்கீங்க, சேர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்தார். “என்ர அப்பு செத்த நேரம் சண்டையால எங்கட ஊருக்குப் போகப் பாதை திறக்கேல்லை தம்பி. வேற எங்கையோ வைச்சு எரிச்சனாங்கள்” என்றார்.

ஆனால் மந்திரிமார் மண் ஈரத்தைப் பார்ப்பதில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இஞ்சினியர் தானே லயத்துக்கு வந்தார். பெரியப்பாவின் காம்பராவில், வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்து, பெரியம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, இனி என்னாலை பிந்த ஏலாது” என்றார்.

பெரியப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க என்னா செய்வீங்க ஐயா. நாந்தான் பிந்திட்டேன்” என்றார். இழுப்புக்கு நடுவில் அதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த இடத்தில் நிற்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

இதோடு மனுசன் படுத்துவிடுவார் என்று நினைத்தோம். மறுநாள் காலையில் முடக்கடியில் மண் அள்ளுகிற பெக்கோ மெசின் உறுமத் தொடங்கியபோது, பெரியப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு வந்து சேர்ந்தார். மறியல் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். என் மஞ்சள் தொப்பிக்கு வேலை வந்துவிட்டது என்று ஓடினேன். மெசினை ஓட்டிய சிங்களப் பையனும் பயந்துபோய், “சீயா, அயின் வென்ன!” என்று கத்தினான். தாத்தா, தள்ளி நில்லுங்கள் என்று அர்த்தம்.

பெரியப்பா தள்ளித்தான் உட்கார்ந்தார். மண் அள்ளுகிற ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கதைபேசத் தொடங்கினார்கள். அங்கேதான் வந்தது வினை. ஆயுள் முழுக்க மலையில் நின்று ஆள் மேய்த்த மனுசனுக்கு, சும்மா நிற்கிற ஆளைக் கண்டால் பொறுக்குமா? “ஏய்! அங்க என்னா மாநாடா? அந்த மூலையில மண்ணு நிக்குது, கண்ணு தெரியலையா?” என்று அந்தப் பழைய குரல் கிளம்பியது. ஆட்கள் பதறி மண்வெட்டியைத் தூக்கினார்கள். அவ்வளவுதான். அன்றைக்குப் பூராவும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், பெரியப்பா குடையால் காட்டிக் காட்டி வேலை வாங்கினார். “இந்த வேகத்துல அள்ளுனா எப்பத்தான் முடிக்கிறது?” என்று பெக்கோக்காரனையே விரட்டினார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கங்காணி பாஷை புரிந்தது. தான் திரும்ப வேண்டிய முடக்கை மண்போட்டு மூடுகிற வேலையை, குறித்த நாளுக்கு முந்தியே முடித்துக்கொடுத்த பெருமை எங்கள் பெரியப்பாவைத்தான் சேரும். இஞ்சினியர் தலையில் கைவைத்துக்கொண்டு, “தம்பி, இந்த மனுசனுக்குத் தான் என்ன செய்யிறன் எண்டு விளங்குதோ?” என்று கேட்டார். பெரியம்மா சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு, “வெளங்காது. வேலைன்னு வந்துட்டா வெளங்காது. கலியாணத்தன்னிக்கும் இப்படித்தான், மாலையும் கழுத்துமா பந்தல் போட்டவன வெரட்டிக்கிட்டு நின்னாரு” என்றார்.

பீலியைக் குழாய்க்குள் விட்டுக் கானில் சேர்த்து மேலே மூடினார்கள். பஸ்களை வேறு பாதையால் சுற்றிப் போகவிட்டுத் தார் போட்டார்கள். அந்தச் சூட்டு மணம் லயம் வரைக்கும் வந்தது. பெரியப்பா அதை மூச்சிழுத்து, “நல்ல தார்” என்றார். விழாவுக்கு முதல்நாள் விடியலில் போய்விட்டார். போட்டியில் அவர் தோற்றது கொஞ்சத்தில்தான்.

அன்றைக்கே பிரச்சினை வந்தது. விழா ஏற்பாட்டாளர் ஒருவர், வெள்ளை உடுப்பில், காம்பரா வாசலுக்கே வந்து, அடக்கத்தை இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று பக்குவமாகக் கேட்டார். மந்திரி வருகிற நேரத்தில் சாவு எதிரே வந்தால் நன்றாக இருக்காதாம். பெரியம்மா தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “மந்திரி நாளைக்கு முடியலேன்னா நாளாண்டைக்கு வருவாருங்க. இவரு அதுவரைக்கும் தாங்க மாட்டாரு” என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் தப்பு முழங்க இறங்கினோம். பாடையின் ஒரு முனை என் தோளில். விழாவுக்குப் போக வேண்டிய மஞ்சள் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கீழே புதுரோட்டில் வாழைமரம் கட்டி, “வருக வருக” என்று வளைவு போட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் இழுத்திருந்தார்கள். மந்திரி வந்தபாடில்லை. பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டி, ரோடு இன்னும் திறக்கவில்லை, எந்த வாகனமும் போக முடியாது என்றார். எங்களுக்கு வேறு வழியும் இல்லை, பழைய ரோடு மண்ணுக்கடியில். அந்த நேரத்தில் இஞ்சினியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு டை கட்டியிருந்தார், அதற்கு மேல் இரண்டு சுவெட்டர். “வாகனத்துக்குத்தான் தடை. பாடை வாகனமில்லை” என்று சிங்களத்தில் பொலிஸ்காரருக்குச் சொல்லிவிட்டு, ரிப்பனைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார். நாங்கள் குனிந்து நுழைந்தோம். அத்தனை கோடி ரோட்டில் முதன்முதல் பயணம் போனது எங்கள் பெரியப்பா. “வருக வருக” அவருக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

வெட்டிய குன்றுக்கு நடுவில் தப்புச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. பொரியும் செவ்வந்திப் பூவும் கறுத்த தாரில் விழுந்தன. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் போனவர்கள் நடையைக் குறைத்தார்கள். திருப்ப வேண்டும். எங்கே? இரண்டு பக்கமும் கொங்கிரீட் சுவர். ஒருவர் இங்கே என்றார், இன்னொருவர் இன்னும் கொஞ்சம் தள்ளி என்றார். ரோடு முழுக்க ஒரே மாதிரி இருந்தது. யாரோ தாழ்ந்த குரலில், “பஸ் ஹோல்ட்டுல வச்சிருவோமா?” என்றார்.

“அங்க வேணாம்னு அவரே சபையில சொல்லிட்டாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரியம்மா. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். “எங்கயும் திருப்ப வேணாம். நேராப் போங்க.”

“திருப்பலேன்னா திரும்பி வந்துருவாரே பெரியம்மா” என்றேன் நான். பாடையைச் சுமக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது?

“வரட்டும். நான் பாத்துக்கிறேன்” என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டுப் பாடைக்குப் பக்கத்தில், அவருடைய தலைமாட்டை ஒட்டி, நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் என் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும். பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதோடு நில்லுங்கள் என்று சொல்வதற்கு இது என்று ஓர் இடம் வேண்டுமே! அது மண்ணுக்கடியில் போயிருந்தது. யாருடைய வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. அந்தக் கடைசி அரைக்கட்டையும் பெரியம்மா அவரோடு கூடவே நடந்தார். பொதக்காட்டில் முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். போட்டுவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்து, “மண்ணு சரியா வெட்டியிருக்காங்க, ஏசாமப் படுங்க” என்றார். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த நான் அங்கே உடைந்து அழுதேன்.

நாங்கள் போன பிறகு மந்திரி வந்தாராம். ரிப்பனை வெட்டி நடந்தவர், தாரில் கிடந்த செவ்வந்தியையும் பொரியையும் பார்த்து நெகிழ்ந்துபோய் நின்றுவிட்டாராம். எத்தனையோ ரோடு திறந்திருக்கிறேன், இப்படியொரு வரவேற்பைப் பார்த்ததில்லை என்று பேச்சிலும் சொன்னாராம். இஞ்சினியர்தான் பிறகு எனக்குச் சொன்னார். “பூ ஆர் போட்டது எண்டு என்னட்டைக் கேட்டவர் தம்பி. தோட்டத்துச் சனம் எண்டு சொன்னன். பொய்யில்லைத்தானே?”

இப்போது அந்த இடத்தில் பஸ் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. “எண்ட, எண்ட” என்று கூப்பிட்ட கொண்டக்டர் இறங்கத் தேவையில்லாமல் சீட்டில் சாய்ந்து போன் பார்க்கிறார். சிலிசிலிப் பை போய்விட்டது. பீலி எங்கேயோ கானுக்குள் ஓடுகிற சத்தம் மட்டும், வாகனம் இல்லாத வேளையில், காதை வைத்தால் கேட்கும். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரையும் திருப்புவதில்லை. பெண்களும் கடைசி வரைக்கும் போகிறார்கள். கூட்டம் போட்டு யாரும் தீர்மானிக்கவில்லை. நிற்பதற்கு இடமில்லை, ஆகவே நிற்பதில்லை. போனதில் எனக்கு எது வருத்தம், எது சந்தோஷம் என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் தெரியாது. பீலித் தண்ணீரின் குளிர்ச்சிக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிறேன். “இதோட நில்லுங்க” என்ற குரலுக்காக வருத்தப்படவே மாட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறினேன். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் புதுரோடு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் தெரியும். பஸ்ஸில் அரைவாசிப் பேர் சாய்ந்த கதையைச் சொன்னேன். சிரித்தார். கையிலிருந்த கீரையை மடியில் போட்டுவிட்டு ரோட்டைக் கையால் காட்டினார்.

“திருப்பலேன்னா வந்துருவேன்னாரு. திருப்பாமத்தானே கொண்டு போனோம்” என்றார். “ரோடும் நேராத்தான் கெடக்கு. இன்னும் ஆளக் காணோம்.”